ரெண்டு கோடு ஆத்தைத் தாண்டுது

பொட்டு மிதக்குது. காலை இன்னும் கொஞ்சம் உருட்டு வடிவு, மெதுவா, மெதுவா, ஆங், இப்ப தரையில உட்கார்ந்துட்டு. இல்ல, முங்கிட்டு. சவம், இந்தக் காலு இன்னைக்குச் சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டேங்கு. காலையில டீ குடிச்சிட்டு வந்து உட்கார்ந்ததிலேருந்து இதே ஆறு, இதே வளைவு, இதே பாறைக்கரை. இந்த மெஷினைப் பத்தி ஊருக்கு எழுதினப்போ அக்கா கேட்டா, தையல் மிஷின் மாதிரியா இருக்கும்னு. மாதிரிதான், ரெண்டு கைக்கும் ரெண்டு சக்கரம், கீழே காலுக்கு ஒரு வட்டு, துணிக்குப் பதிலா பூமி. ஏரோப்ளேன் போற போக்கில அடுத்தடுத்து எடுத்த ரெண்டு போட்டோ உள்ள இருக்கு, இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணு. சேர்த்துப் பார்த்தா சப்பையாக் கெடந்த காடு எந்திரிச்சு மேடும் பள்ளமுமா நிக்கும், அதுக்கு இங்கன மாடல்னு பேரு. முதல் நாள் நான் பயந்து கையை நீட்டிட்டேன், மரத்தைத் தொட்டுரலாம் போல இருந்தது. அந்தக் காட்டுக்கு நடுவில ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு. கைச்சக்கரம் அதை நாலு திசைக்கும் கூட்டிட்டுப் போகும், கால்வட்டு அதை ஏத்தி இறக்கும். பொட்டு தரையைத் தொட்டும் தொடாம நிக்கணும், அப்பதான் பக்கத்து மேஜையில பென்சில் தானாப் போடுத கோட்டுக்கு அர்த்தம் உண்டு. ஒரே உயரத்தில பொட்டை நடத்திக்கிட்டே போனா அது ஒரு உயரக்கோடு. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வெறுங்காலாலதான் உருட்டுவேன், செருப்பு போட்டா வட்டு என் காலுக்குப் பிடிபடாது. இந்த ரூமுக்கு மேலதிகாரி கிரேடி முதல்ல முகத்தைச் சுளிச்சாரு, என் கோட்டைப் பார்த்துட்டு அப்புறம் வாயைத் திறக்கல. இந்தக் கனடாக்காரங்ககிட்ட எல்லாம் இருக்கு, வடக்கே கெடக்க பாதி தேசத்துக்குச் சரியான படம் மட்டும் இல்ல. அதுக்குத்தான் இருட்டு ரூம்ல இத்தனை பேரு கண்ணைக் குழாயில வச்சு அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். குழாயோட பித்தளை விளிம்பு கண்ணைச் சுத்தி ஜில்லுன்னு இருக்கு. வீட்டுக்குப் போனா ரெண்டு கண்ணைச் சுத்தியும் வட்டமா தழும்பு இருக்கும், ஆந்தை வந்துட்டான்னு இவரு சிரிப்பாரு. இப்ப சிரிக்க ஆளு வீட்டில இல்ல.

இவரு அந்த ஆத்துலதான் இருக்காரு. பழைய படத்தில அந்த ஆத்துக்கு எவனோ ஒரு வெள்ளைக்காரன் பேரு போட்டிருக்கு, எனக்கு அது இவரு ஆறு, அவ்வளவுதான். ஊர்ல சர்வே ஆபீஸ்ல இருந்து இவரை இங்க பயிற்சிக்கு அனுப்பினாங்க, அதில ஒரு கோடைகாலம் வடக்கே போய் நிலத்தில வேலை பார்க்கணும்னு சட்டம். குளிர் காலத்தில தண்ணியெல்லாம் கல்லு, கோடையில காடெல்லாம் கொசு, மரம்னா ஆளு உயரத்துக்கு ஊசி ஊசியா நோஞ்சான் மரம், தரையைத் தோண்டினா முழங்கை ஆழத்தில ஐஸ். அந்த இடத்துக்கு எனக்குக் கெடைச்ச மாப்பிள்ளையை அனுப்பி வச்சிருக்கேன். போன வருஷம் எடுத்த போட்டோ இது, இதில இவரு எப்படி இருப்பாரு? எனக்குத் தெரியாதா. ஆனாலும் வளைவுக்கு மேல இருக்க மணல்திட்டு வந்ததும் பொட்டைக் கொஞ்ச நேரம் அங்கனயே நிப்பாட்டி வைக்கேன். அங்கனதான் இப்ப கூடாரம் போட்டிருக்கதா நேத்து ரேடியோவில சேதி வந்தது. இவரும், தோணி ஓட்டுத மார்செலும், ரெண்டே பேரு. இன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ரேடியோவில பேசிட்டு, அதோட ஏரியல் கம்பியை இறக்கிக் கட்டிட்டு, ஆத்தோட கீழே போறாங்க. கீழே பெரிய ஏரியில ப்ளேன் வந்து கூட்டிட்டுப் போகும். அதுவரைக்கும் ரேடியோ கெடையாது. நல்ல சேதின்னுதான் கேட்டுட்டு வந்தேன், இன்னும் கொஞ்ச நாள்ல வந்துருவாருன்னு. வந்து உட்கார்ந்து கோடு போட ஆரம்பிச்சா, வளைவுக்குக் கீழே ஒரு அரிசி நீளத்துக்குள்ள ரெண்டு கோடு ஆத்தைத் தாண்டுது. அதுக்கு மேல மைல் கணக்கில ஒரு கோடும் தாண்டல, ஆறு சோம்பேறி மாதிரி படுத்துக் கெடக்கு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் அம்பது அடி உயர வித்தியாசம். ரெண்டு கோடு ஒட்டி ஒட்டி ஆத்தைத் தாண்டுனா அங்கன தண்ணி ஓடலைன்னு அர்த்தம், விழுதுன்னு அர்த்தம். பழைய படத்தில அந்த இடத்தில வெறும் நீலக்கோடு. போட்டோவைப் பார்த்தா தெரியாதான்னா, தெரியல. அந்நேரம் பார்த்து வெயில் தண்ணியில பட்டு, ரெண்டு போட்டோவிலயும் ஆறு பூராவும் ஒரே வெள்ளை. நுரை எது, வெயில் எதுன்னு பிரிக்க முடியாது, கரையில பொட்டை வச்சுத்தான் நான் உயரம் எடுத்தேன். இவரு கையில இருக்கதும் இதே போட்டோதான்.

கிரேடிகிட்ட டீ நேரத்தில சொன்னேன். அவரு எப்பவும் பைப்பைப் பத்த வைக்காமலே வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு இருப்பாரு. என் பேரு முழுசா அவருக்கு வராது, 'வாடி'ன்னுதான் கூப்பிடுவாரு. எங்க ஊர்ல எவனாவது அப்படிக் கூப்பிட்டிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும், இங்கன சிரிச்சுக்கிட்டே போறேன். 'மாடல் சாய்ஞ்சிருக்கும் வாடி, அந்தப் பக்கம் உயரம் அளந்த இடமே கம்மி, கவலைப்படாதீங்க'ன்னு சொல்லிட்டு பிஸ்கட்டை டீயில முக்கினாரு. அவரு சொன்னதில தப்பு இல்ல. ரெண்டு போட்டோவையும் உள்ள வச்சு நிமித்தும்போது ஒரு பக்கம் துளி சாய்ஞ்சிருந்தா, சமதரை கூடச் சரிவாத் தெரியும், ஓடுத ஆறு கூட விழுத மாதிரி தெரியும். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கணும் முருகா. ஆனா மேல இருக்க ஆறு ஏன் சாயல? சாய்ஞ்சா பூராவும்ல சாயணும்? கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். ஏன்னா நான் இந்த ரூமுக்கு வந்த புதுசுல இடது போட்டோவை வலதுலயும் வலது போட்டோவை இடதுலயும் மாத்தி வச்சுட்டேன். அப்படி வச்சா மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். எனக்குத் தெரியல. ஆறு மதில் சுவர் மாதிரி மலை மேல எந்திரிச்சு ஓடுது, 'ஐயோ, இந்த ஊர் ஆறு இப்படித்தானா'ன்னு நானும் அதைப் பிடிச்சு ஒரு காலைப்பொழுது பூராவும் கோடு போட்டிருக்கேன். ஆபீஸே கூடி நின்னு சிரிச்சது. இன்னைக்கும் எவனாவது ஆத்தை மலைமேல ஏத்திட்டியான்னு கேப்பான். நல்ல மனுஷங்கதான், கேலிதான். ஆனா இன்னைக்கு நான் போய், ஆத்துல அருவி இருக்குன்னு சொல்லி, ஒரு சர்வே பார்ட்டியை நிப்பாட்டி, ப்ளேன் வந்து ஏரியில சும்மா நின்னு, கடைசியில அங்கன ஒண்ணுமே இல்லைன்னா என்ன ஆகும்? பொண்டாட்டி பயந்துக்கிட்டு நிப்பாட்டிட்டான்னு இவரைல்லா சொல்லுவாங்க. இவருக்கு அது தாங்காது. ஊர்ல இருந்து வந்த ஒத்தை ஆளு, ஒரு சொல்லு வாங்காம திரும்பிப் போகணும்னு உயிரைக் கொடுத்து வேலை பார்க்காரு. உயிரைக் கொடுத்து. என்ன பேச்சு இது, வாயைக் கழுவு.

இவருக்கு இடது காது கேக்காது. சின்னதுல சீழ் வச்சுப் போன காது. கல்யாணத்தன்னைக்கு மணவறையில மாலைநார் கழுத்தை அறுக்குதுன்னு மெதுவாச் சொன்னேன், மனுஷன் திரும்பியே பார்க்கல, கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தாரு. ஏ அப்பா, எம்புட்டுத் திமிருன்னு நெனைச்சேன். அப்புறம் மறுவீட்டுக்கு நடந்து போகையிலதான், 'ஏட்டி, இந்தப் பக்கம் வந்துரு, அந்தக் காதை வாடகைக்கு விட்டிருக்கு'ன்னு சொன்னாரு. அன்னையிலேருந்து எங்க போனாலும் நான் இவருக்கு வலது கைப்பக்கம். கட்டில்ல வலது பக்கம், பஸ்ஸுல வலது பக்கம், இங்கன பனியில நடக்கும்போதும் வலது பக்கம். அந்தப் பக்கம் வழுக்கினாலும் மாறமாட்டேன். இப்ப அந்த வலது பக்கத்தில யாரு இருக்கா? மார்செல் தோணியில பின்னால உட்கார்ந்து மோட்டார் ஓட்டுவான். அவனுக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில பேசுதது கூடக் கேக்காதுன்னு இவரே எழுதியிருக்காரு, அதுக்கு மேல அவன் தொண்டை கிழியப் பாடுவானாம், பிரெஞ்சுல, ஒரே பாட்டையே. 'நான் இடது காதை அவன் பக்கம் வச்சுக்கிட்டேன், தப்பிச்சேன்'ன்னு எழுதியிருந்தாரு. அதைப் படிச்சு நான் எம்புட்டு சிரிச்சேன். சாதாரண ஆளுக்கு அருவி தூரத்திலயே கேட்டுரும், கரை ஒதுங்கிருவான். இவங்களுக்கு மோட்டார், பாட்டு, கேக்காத காது. அந்த வளைவு வேற ரெண்டு பக்கமும் பாறை, திரும்பினப்புறம் ஒதுங்க இடமே இல்ல. நான் அந்தப் பாறை விளிம்பிலதான் பொட்டை நடத்திக்கிட்டு இருக்கேன். தோணி எவ்வளவு வேகமாப் போகும்? திரும்பினதும் தெரியுமா, இல்ல விழுதப்பதான் தெரியுமா? நிறுத்து வடிவு. பொட்டைப் பாரு. பொட்டு மிதக்குது.

எனக்கு இவரு வேணும். இதை நான் இதுவரைக்கும் எந்தச் சாமிகிட்டயும் இப்படிப் பச்சையாக் கேட்டதில்ல, நல்லா வச்சிருன்னு பொதுவாக் கேப்பேன், இன்னைக்கு வெக்கத்தை விட்டுக் கேக்கேன், எனக்கு இவரு வேணும். முதல் குளிர் காலத்தில தேங்காண்ணெய் பாட்டில் கல்லா உறைஞ்சு போகும். எண்ணெய் தேய்க்காம எனக்குத் தலை சீவ முடியாது, அடுப்பில வச்சா பாட்டில் வெடிச்சிரும்னு பயம், ஒருநாள் சீப்பைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்து அழுதேன். எண்ணெய்க்கா அழுதேன், ஊருக்கு அழுதேன். மறுநாள் நான் எந்திரிச்சப்போ பாட்டில் உருகி ரெடியா இருக்கு. அதுக்கு அடுத்த நாளும். எப்படின்னு கேட்டா இவரு பேப்பரைப் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்துருவாரு. ஒருநாள் சீக்கிரம் முழிச்சுட்டேன், பார்த்தா மனுஷன் அந்தப் பாட்டிலைச் சட்டைக்குள்ள, கக்கத்தில இடுக்கிக்கிட்டுத் தூங்குதாரு, கோழி அடைகாக்க மாதிரி. குளிர்ல உடம்பெல்லாம் முள்ளு முள்ளா நிக்கு. நான் முழிச்சதைக் காட்டிக்காம கண்ணை மூடிக்கிட்டேன். அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. பேசியிருக்கணும். வரட்டும், பேசுதேன். இந்தா, படம் ரெண்டாப் பிரியுது. கண்ணுல தண்ணி வந்தா அவ்வளவுதான், இடது கண்ணு படம் இடது பக்கம் போயிரும், வலது கண்ணு படம் வலது பக்கம் போயிரும், பூமி படுத்துரும், பொட்டு ரெண்டாயிரும். இந்த வேலையில இருக்கவ அழக்கூடாது, அதுக்கு நேரம் இல்ல. முந்தானையால தொடைச்சுக்கோ. அங்கன ஹீட்டர்ல ஏதோ தட்டுது, பக்கத்து மெஷின் பொண்ணு தும்முதா, பென்சில் சீவின வாசனை. மூச்சை விடு. திரும்பக் கண்ணை வை. காடு மெல்ல எந்திரிக்குது.

யோசி. பயப்படாம யோசி, கணக்குல பி.ஏ. படிச்சவதான நீ. கிரேடி என்ன சொன்னாரு, மாடல் சாய்ஞ்சிருக்கும்னு. சாய்ஞ்சிருக்கான்னு எதை வச்சுத் தெரியும்? அங்கன போய் ரசமட்டம் வைக்க முடியாது. ஆனா தண்ணி இருக்கு. ஓடாத தண்ணி. ஆத்துக்கு மேற்கே நீளமா ஒரு ஏரி கெடக்கு, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி, வடக்கு தெற்கா. ஏரித் தண்ணி இந்தக் கரையிலயும் அந்தக் கரையிலயும் ஒரே உயரம்தான், அதை எந்த சர்க்காரும் மாத்த முடியாது. மாடல் சாய்ஞ்சிருந்தா ஏரி சாய்ஞ்சு தெரியும். ஏ மூதி, இதை ஏன் நீ டீ குடிக்கதுக்கு முன்னாலயே பார்க்கல? சரி, இப்ப பாரு. வடக்குக் கரையில, தண்ணி தொடுத கல்லுல பொட்டை இறக்குதேன். மிதக்குது, மிதக்குது, உட்கார்ந்துட்டு. உயரத்தை வாசி. இப்ப சக்கரத்தைச் சுத்திக்கிட்டே தெற்குக் கரைக்குப் போ, காலை ஆட்டாத, காலை ஆட்டாத. பாசிக்காடு போகுது, ஒரு திட்டு போகுது, தண்ணி. பொட்டு அந்தக் கரையில எங்க இருக்கு? தரையில இருக்கு. நான் காலையே உருட்டல, தானா தரையில உட்கார்ந்திருக்கு. சாயல. சாய்ஞ்சிருக்கக் கூடாதான்னு இருக்கு எனக்கு, எவளாவது தன் வேலை தப்பா இருக்கணும்னு நேருவாளா, நான் நேர்ந்துக்கிட்டுதான் பார்த்தேன். ஆனா இது வடக்கு தெற்குக்குத்தான் சாட்சி. கிழக்கு மேற்கா சாய்ஞ்சிருக்கலாம்ல? இவரு இருந்தா அதைத்தான் கேப்பாரு, குறுக்கயும் பார்த்தியாட்டின்னு. குறுக்க ஒரு ஏரி வேணும். தேடு. இங்கன ஒண்ணும் இல்ல, இது ஆத்தோட சேருது, இது ரொம்பச் சின்னது, இந்தா, ஆத்துக்குக் கிழக்கே ஒண்ணு, குளம் மாதிரி, ஆனா அகலம் இருக்கு. மேற்குக் கரை. பொட்டு உட்கார்ந்துட்டு. கிழக்குக் கரை. மெதுவா வடிவு, மெதுவா. உட்கார்ந்துட்டு. அப்ப மாடல் நேரா இருக்கு. ஏரி ரெண்டும் நேரா இருக்கு. ஆறுதான் விழுது.

எந்திரிச்ச வேகத்தில செருப்பு போட மறந்துட்டேன். கிரேடி மேஜை வரைக்கும் வெறுங்காலோட போய் நின்னேன், சிமெண்டுத் தரை சில்லுன்னு ஏறுது. 'மாடல் சாயல, ரெண்டு ஏரியை வச்சுப் பார்த்துட்டேன், நெடுக்கயும் குறுக்கயும். நீங்க வந்து பாருங்க'ன்னு சொன்னேன். குரல் எங்கிருந்து வந்ததுன்னு தெரியல, எங்க அம்மா பால்காரன்கிட்ட பேசுத குரல். அவரு என் முகத்தைப் பார்த்தாரு, காலைப் பார்த்தாரு, பைப்பை எடுத்து மேஜையில வச்சாரு. வந்து என் நாற்காலியில உட்கார்ந்து கண்குழாயைத் தன் கண்ணு அகலத்துக்குத் திருகி, மூக்குக்கண்ணாடியைக் கழத்தி, திரும்ப மாட்டி, திரும்பக் கழத்தி, ஐயோ ஐயா, சீக்கிரம் பாருங்க. சுவர்க் கடிகாரத்தில பெரிய முள்ளு பன்னெண்டைத் தொடப் போகுது. அவரு ஏரியைப் பார்த்தாரு. இன்னொரு ஏரியைப் பார்த்தாரு. வளைவுக்கு மேல கரையில பொட்டை வச்சாரு, கீழ வச்சாரு. அவரு பூட்ஸ் காலுக்கு வட்டு சறுக்குது. நான் பின்னால நின்னு அவரு தோளைப் பார்க்கேன். அவரு தோள் ஒருதடவை ஏறி இறங்கினது. தலையைத் தூக்காமலே, 'ரேடியோ ரூமுக்கு ஓடுங்க வாடி, நான் பின்னால வாரேன்'ன்னு சொன்னாரு. சேலையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். மாடிப்படியில எதிரே வந்தவங்க ஒதுங்கி நின்னாங்க. பள்ளிக்கூடத்தில ஓட்டப்பந்தயத்தில கூட நான் இப்படி ஓடினதில்ல. ஒவ்வொரு படியிலயும் இறங்காதீங்க, இறங்காதீங்கன்னு வாய் தானா சொல்லிக்கிட்டே வருது.

ரேடியோ ரூம்ல வில்ஃப் தலையில காதுகருவியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான், சுருட்டை முடிக்காரன், எல்லாரையும் டியர்னு கூப்பிடுதவன். 'நாலாம் பார்ட்டியை நிப்பாட்டு, கீழே அருவி'ன்னு மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேக்கல, உடனே கூப்பிட்டான். ஸ்பீக்கர்ல மழை பெய்யுத மாதிரி இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ள மார்செல் குரல், சாமானெல்லாம் ஏத்தியாச்சு, துரை, அதான் இவரு, தண்ணிக்கிட்ட நிக்காரு, கம்பியை இறக்கப் போறேன், அப்படி இப்படின்னு. வில்ஃப் நில்லு நில்லுன்னு சொல்லுதான், கீழே அருவி இருக்கு, கேக்குதா. கேக்கல. அவன் குரல் நமக்கு வருது, நம்ம குரல் அவனுக்குப் போகல. 'சரி, சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்'ன்னு மார்செல் அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறான். வில்ஃப் என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கம்பி இறங்கிட்டா அவ்வளவுதான். நான் அவன் கையில இருந்து மைக்கைப் பிடுங்கினேன். பொத்தானை அழுத்திட்டேன். என்ன சொல்ல? இங்கிலீஷ்ல சொன்னா இவன் குரல் கரைஞ்ச மாதிரியேதான் அதுவும் கரையும். இவரைக் கூப்பிடணும், எந்த இரைச்சல்லயும் தன் பேரு மட்டும் ஒரு ஆளுக்குக் கேட்டுரும். எப்படிக் கூப்பிட? என்னங்கன்னா எவனுக்குத் தெரியும்? கல்யாணம் ஆன நாளிலேருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. கோயில்ல அர்ச்சனைக்கு ஐயர் கேட்டா பக்கத்தில நிக்கவங்க முகத்தைப் பார்ப்பேன், இங்கன பாங்கில கேட்டா எழுதிக் காட்டுவேன். புருஷன் பேரைப் பொண்டாட்டி சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்பாங்க. இப்ப சொல்லாட்டிதான் குறையும். அடிவயித்திலேருந்து கத்தினேன். 'ஆவுடையப்பன்! ஆவுடையப்பன்!' அந்த ரூம் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. 'ஆவுடையப்பன்!'

இரைச்சல். இரைச்சல். அது கொஞ்சம் அடங்கி, யாரோ கூழாங்கல்லு மேல ஓடி வார சத்தம். அப்புறம் இவரு குரல், மூச்சு இரைக்க. 'வடிவா? ஏட்டி, வடிவு! யாருக்கு என்ன ஆச்சு? அம்மாவுக்கா?' ஐயோ என் ராசா. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரோ செத்துதான் போயிருக்கணும்னு முடிவே பண்ணிட்டாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருது. 'யாருக்கும் ஒண்ணுமில்லங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. நீங்க ஆத்துல இறங்காதீங்க. வளைவுக்குக் கீழே அருவி கெடக்கு, ரெண்டு கோடு தாண்டுது.' தமிழ்லதான் சொல்லுதேன், வில்ஃப் வாயைப் பிளந்து பார்க்கான், கிரேடி கதவுல வந்து நிக்காரு. 'போட்டோவில ஒண்ணும் இல்லையேட்டி?' 'வெயில் மறைச்சிட்டு. நான் கரையை வச்சு அளந்தேன்.' 'மாடல் சாய்ஞ்சிருக்கும்.' 'சாயல. ஏரியை வச்சுப் பார்த்தேன்.' 'குறுக்க?' 'குறுக்கயும் பார்த்தேங்க. வேற ஏரி.' அதுக்கு மேல இவரு ஒரு வார்த்தை கேக்கல. கிரேடியும் பார்த்தாருன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்கு அவசியமே வரல. மார்செலைக் கூப்பிட்டு சாமானை எல்லாம் இறக்கு, தோணியைக் கரைமேல இழுத்துப் போடுன்னு சொல்லுதது ஸ்பீக்கர்ல நல்லாவே கேட்டது. மார்செல் என்னமோ முனங்கினான். 'சரிட்டி, இறங்கல. கரையோட நடந்தே போய்ப் பார்க்கோம்' அப்படின்னாரு. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். கிரேடி என் தோளைத் தொட்டுட்டு கையை எடுத்துக்கிட்டாரு. வில்ஃப் மைக்கை வாங்க கையை நீட்டினான். அப்ப திரும்பவும் இவரு குரல், இப்ப பதட்டம் எல்லாம் போயி, வீட்டில பேப்பருக்குப் பின்னால இருந்து வருமே, அந்தக் குரல். 'ஏட்டி, மொதல்ல என்னமோ கூப்பிட்டியே, அது சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு.' பொய்யி. நல்லாக் கேட்டிருக்கும், கேட்டுத்தான ஓடி வந்தாரு. வடக்கே இருக்க அத்தனை பார்ட்டியும் இந்நேரம் ரேடியோவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும், கதவுல கிரேடி, பக்கத்தில வில்ஃப். மனுஷனுக்கு வெக்கமே இல்ல. நான் மைக்கை வில்ஃப்கிட்ட கொடுக்கல. பொத்தானை அழுத்தினேன். சொன்னேன்.